வீட்டு கேஸ் அடுப்பு சர்வீஸ்: பினாங்கில் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஏர்கான் சர்வீஸுக்கு இந்தத் தீவிலும் அக்கரையிலும் ஆளுக்குப் பஞ்சமில்லை. அடுப்புக்குத்தான் ஆள் இல்லை. பட்டர்வொர்த், பிறை, ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் என்று எங்கே விசாரித்தாலும், "கெட்டா புதுசு வாங்கிக்குங்க" என்றுதான் கடைக்காரர் சொல்கிறார். வாடிக்கையாளரும் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது அடுப்பு வாங்குகிறார். தூக்கிப் போட்டதில் பெரும்பாலானவை ஒரு பேட்டரி, ஒரு துண்டு உப்புத்தாள், அரை மணி நேரம் இருந்தால் எரிந்திருக்கும்.

அதனால் இந்தத் தொழிலின் வரிசை இதுதான்: முதலில் துடை, பிறகு பார், கடைசியில்தான் பார்ட்ஸ். வீட்டுக்குள் போனதும் பார்ட்ஸ் பையைத் திறக்கிறவர் முதல் மாதம் நன்றாகச் சம்பாதிப்பார். இரண்டாவது தடவை அந்த வீட்டிலிருந்து அழைப்பு வராது.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஸ்க்ரூ டிரைவர், ஸ்பானர் இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பித்தளைப் பிரஷ், நைஸ் உப்புத்தாள், பர்னர் துளைகளைச் சுத்தம் செய்கிற மெல்லிய கம்பி செட், மில்லிவோல்ட் காட்டுகிற மல்டிமீட்டர், தலையில் மாட்டுகிற விளக்கு, சோப்புத் தண்ணீர் பாட்டில், அதைத் தடவ ஒரு பெயிண்ட் பிரஷ் வேண்டும். 1.5 வோல்ட் பெரிய பேட்டரி, அதாவது டி சைஸ், எப்போதும் நாலைந்து இருக்கட்டும். சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை உள்ள கேஸ் ட்யூப், கிளிப், ஒரு ரெகுலேட்டர். கேஸ் வால்வுக்கென்றே விற்கிற கிரீஸ் சின்ன ட்யூப் ஒன்று. 1 கிலோ பவுடர் தீயணைப்பான் ஒன்றையும் காரில் விடாமல் கையோடு வீட்டுக்குள் எடுத்துப் போங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இன்னொன்றை நீங்களே செய்துகொள்ளலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் குழாயை 'யு' வடிவில் வளைத்து, பலகையில் கட்டி, பாதிவரை தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் அளவுகோலை ஒட்டுங்கள். கேஸ் அழுத்தம் பார்க்க இதுபோதும். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

ஃபோனிலேயே பாதி வேலை

"அடுப்பு எரியல தம்பி" என்று மட்டும்தான் சொல்வார்கள். அதோடு கிளம்பிவிடக் கூடாது. மேஜை மேல் வைக்கிற அடுப்பா, கல்லில் வெட்டிப் பதித்த கண்ணாடி ஹாப்பா? ஒரு பர்னரா, எல்லாமா? தோம்பு (கேஸ் சிலிண்டர்) எப்போது மாற்றினார்கள்? அடுப்பைக் கழுவினார்களா?

ஒரு பர்னரா, எல்லாமா என்ற கேள்விதான் முக்கியம்.

"ஆண்ட்டி, பெரிய அடுப்பு மட்டும் வீக்கா, ரெண்டுமே வீக்கா?"

"ரெண்டும்தாம்பா. போன வாரம் புது தோம்பு மாத்துனதிலேருந்து இப்படித்தான்."

எல்லா பர்னரும் ஒரே மாதிரி சோர்ந்து எரிந்தால் கோளாறு அடுப்பில் இருக்காது. தோம்பு, ரெகுலேட்டர், ட்யூப் இந்த மூன்றில் ஒன்றில் இருக்கும். கேபினெட்டுக்குள் தோம்பைத் தள்ளி வைக்கும்போது ட்யூப் மடிந்துபோவது ரொம்ப சாதாரணம். ஒரு பர்னர் மட்டும் சோர்ந்தால் தோம்புப் பக்கம் போகவே வேண்டாம். அந்த பர்னரின் நோசல் (கேஸ் பாய்ந்து வரும் சின்னத் துளை), மூடி, வால்வு மட்டும்தான். இந்த ஒரு கேள்வி எந்த சாமானை எடுத்துப் போக வேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.

"கேஸ் வாசனை வருது" என்றால் மட்டும் வேறு பேச்சு வேண்டாம். தோம்பின் வால்வை மூடச் சொல்லுங்கள். சுவிட்ச் எதையும் தொடக் கூடாது. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. காற்றாடி போட்டு வாசனையை விரட்டலாம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே வரட்டும். வால்வை மூட முடியவில்லை, வாசனை குறையவில்லை என்றால் வெளியே நின்று அவசர எண் 999. நம் தோம்பில் வருவது புரோப்பேன், பியூட்டேன் கலவை. காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் படரும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதற்கென்று சொந்த வாசனை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காக மெர்காப்டன் சேர்க்கிறார்கள். சளி பிடித்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது தெரியாமல் போகலாம். "எனக்கு ஒண்ணும் நாறலையே" என்று பாட்டி சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வீட்டுக்குள் போனதும் சோப்புத் தண்ணீர்

எந்த வேலைக்குப் போனாலும் முதலில் கசிவு பார்ப்பது, முடித்துக் கிளம்பும் முன் மறுபடி கசிவு பார்ப்பது. இதில் விதிவிலக்கு வேண்டாம். பேட்டரி மாற்றப் போனாலும் சரி.

பர்னர் எல்லாம் மூடியிருக்க, தோம்பைத் திறந்து, ரெகுலேட்டர் தோம்போடு சேரும் இடம், ட்யூபின் இரண்டு முனை, அடுப்புக்குள் நுழையும் இடம் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். பெரிய கசிவு உடனே குமிழ்விடும். சின்னக் கசிவு அப்படி வராது. கிளிப்பின் ஓரத்தில் வெள்ளையாக நுரை மெதுவாகத் திரளும், ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால்தான் தெரியும். விளக்கை மாட்டிக்கொண்டு குனிந்து பாருங்கள். லைட்டரைக் காட்டிப் பார்க்கிற பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் தொழில் கற்காதீர்கள்.

ட்யூபை விரலால் மடக்கிப் பாருங்கள். மடக்கின இடத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். ஜோர்ஜ்டவுன் பக்கம் பழைய கடைவீடுகளில் எலி கடித்த ட்யூப் சர்வசாதாரணம். கேபினெட்டின் பின்பக்கம் ட்யூப் சுவரோடு ஒட்டிப் போகிற இடத்தைக் கையால் தடவியே பார்க்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாது. ட்யூப் மேல் அச்சடித்த தேதியைக் காட்டி வீட்டுக்காரரிடம் பேசுங்கள், பேரம் பேசாமல் ஒத்துக்கொள்வார்.

தீயைப் பார்த்தால் தெரியும்

வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் தீ சொல்வதை நம்புங்கள். எல்லா பர்னரையும் பற்ற வைத்து, சமையலறை விளக்கை அணைக்கச் சொல்லி ஒரு நிமிஷம் பாருங்கள். (கசிவு பார்த்த பிறகுதான் விளக்கு விஷயம்.)

உள்ளே கூர்மையான வெளிர்நீலக் கூம்பு, வெளியே மங்கலான நீலம் இருந்தால் நல்ல தீ. நீலத்துக்கு நடுவே அங்கங்கே ஆரஞ்சுப் பொறி பறந்தால் பயப்பட வேண்டாம், உப்போ தூசியோ எரிகிறது. சாம்பார் பொங்கின அடுப்பில் இது நாள்கணக்கில் இருக்கும். ஆனால் தீயின் நுனி மஞ்சளாகிச் சோம்பலாக ஆடினால், சட்டிக்கு அடியில் கரி பிடித்தால், காற்று சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம். கேஸும் வீண், கார்பன் மோனாக்ஸைடும் வரும். ஜன்னலைச் சாத்திவிட்டு ஏர்கான் போட்டுச் சமைக்கிற கோண்டோ வீடுகளில் இதை அலட்சியமாக விடாதீர்கள்.

மஞ்சள் தீக்கு முதல் சந்தேகம் பூச்சி. நம் ஊர் ஈரத்தில், சில மாதம் பயன்படுத்தாத பர்னரின் கலவைக் குழாய்க்குள் எறும்பும் சிலந்தியும் குடியேறிவிடும். சின்னக் கரப்பான் பூச்சியும் உண்டு. பர்னரைக் கழற்றி, குழாய்க்குள் பிரஷ் விட்டு இழுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். அதன் பிறகும் மஞ்சள் போகாவிட்டால், மேஜை அடுப்புகளில் நோசலுக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றுத் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறவுங்கள். மஞ்சள் மறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் திறந்தால் தீ பர்னரைவிட்டு எழும்பி இரைச்சல் போடும்.

எழும்பும் தீ, இரைச்சல் இரண்டும் ஆரம்பத்திலிருந்தே இருந்தால் ரெகுலேட்டரைப் பாருங்கள். கடைக்குப் போடுகிற ஹை பிரஷர் ரெகுலேட்டரை, "சீக்கிரம் வேகும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டில் மாட்டியிருப்பார்கள். கடையில் கொய்த்தியாவ் நூடுல்ஸ் வறுக்கிற அடுப்புக்கும் வீட்டு அடுப்புக்கும் நோசலும் வால்வும் வேறு. அதைக் கழற்றிச் சரியானதைப் போடாமல் அந்த வீட்டில் வேறு வேலை எதையும் தொடாதீர்கள்.

'டப்' என்று சத்தம் வந்து, தீ மேலே இல்லாமல் நோசல் பக்கம் உள்ளே விசில் அடித்து எரிகிறதா? உடனே மூடுங்கள். பெரும்பாலும் பர்னர் மூடி பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை. கழுவி வைத்தவர் ஒரு பல் தள்ளி வைத்திருப்பார்.

கையை எடுத்தால் அணைகிற அடுப்பு

கண்ணாடி ஹாப் வைத்திருக்கிறவர்களிடமிருந்து அதிகம் வரும் புகார் இதுதான். இதில்தான் தேவையில்லாத பார்ட்ஸ் அதிகம் விற்கப்படுகிறது. எனவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

திருகியை அமுக்கித் திருப்பும்போது உள்ளே இருக்கும் பாதுகாப்பு வால்வை நாம் கையால்தான் திறந்து பிடிக்கிறோம். தீ பிடித்ததும் பர்னர் ஓரத்தில் நிற்கும் தெர்மோகப்பிள் முனை சூடாகி, 20, 30 மில்லிவோல்ட் அளவுக்குச் சின்ன மின்சாரத்தை உண்டாக்கும். அது ஒரு காந்தச் சுருளுக்குப் போய் வால்வைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கையை எடுக்கலாம். காற்றில் தீ அணைந்துவிட்டால் முனை ஆறும், காந்தம் விடும், கேஸ் நிற்கும்.

ஆக, கையை எடுத்ததும் அணைகிறதென்றால் முனை சூடாகவில்லை, அல்லது மின்சாரம் காந்தத்துக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது காந்தம் பிடிக்கவில்லை. இந்த வரிசையிலேயே பாருங்கள்.

முதலில் வீட்டுக்காரர் எவ்வளவு நேரம் அமுக்குகிறார் என்று பாருங்கள். ஐந்தாறு வினாடி பிடித்திருக்க வேண்டிய திருகியை ஒரு வினாடியில் விடுகிறவர்கள் உண்டு. அங்கே ரிப்பேரே இல்லை, சொல்லிக்கொடுத்தால் போதும். அடுத்தது முனை. அதில் எண்ணெயும் பொங்கின பாலும் கருகிக் கறுப்பு ஓடாகப் படிந்திருக்கும். உப்புத்தாளால் மெதுவாகத் தேயுங்கள், உலோகம் பளிச்சென்று தெரியும் வரை. முனை தீக்குள் நிற்கிறதா, ஒதுங்கி நிற்கிறதா? கழுவும்போது துணி மாட்டி வளைந்திருக்கலாம். பிறகு அடுப்புக்கு அடியில் வயர் வால்வோடு சேரும் சொருகியைக் கழற்றி, பச்சை பிடித்திருந்தால் துடைத்து, இறுக்கமாக மாட்டுங்கள். இத்தனைக்குள் பெரும்பாலான அடுப்புகள் எரிந்துவிடும்.

இன்னும் தீ அணைகிறதா? மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, முனையைத் தீயில் காட்டி அளந்து பாருங்கள். 20 பக்கம் ஏறினால் தெர்மோகப்பிள் நலம். மீட்டர் இல்லாவிட்டாலும் வழி உண்டு: வயர் எட்டினால் இரண்டு பர்னரின் தெர்மோகப்பிள் சொருகிகளை மாற்றி மாட்டி, நல்ல பர்னரின் திருகியை அமுக்கிப் பிடித்து எரியவிட்டு, பிரச்சினைக்குரிய பர்னரின் வால்வை அந்த நல்ல தெர்மோகப்பிளோடு சோதித்துப் பாருங்கள். இப்போது பிரச்சினைக்குரிய பர்னரில் தீ அணையாமல் நின்றால் பழைய தெர்மோகப்பிள் போய்விட்டது. அப்போதும் அணைந்தால் காந்தம் அல்லது வால்வு. இதை வீட்டுக்காரர் கண் முன்னாலேயே செய்து காட்டுங்கள், எந்த பார்ட்ஸுக்குக் காசு கொடுக்கிறோம் என்று அவருக்கே தெரியும். சோதனை முடிந்ததும் சொருகிகளை அவற்றின் இடத்திலேயே திருப்பி மாட்டுங்கள், மறந்துவிட்டால் ஒரு பர்னரின் தீயை நம்பி இன்னொன்றின் கேஸ் திறந்திருக்கும்.

பாதுகாப்பு வால்வைக் கட்டிப்போட்டு, "எரியுது பாருங்க" என்று ஒப்படைக்கிற வேலையை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள். வேறு ஒருவர் அப்படிச் செய்துவைத்திருந்தால் அவிழ்த்துவிட்டு, வீட்டுக்காரரிடம் காட்டிச் சொல்லுங்கள்.

பற்ற வைக்கும் பொறி

பொறியே இல்லையென்றால் பேட்டரி. 'டிக் டிக்' என்று நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தால் ஈரம்; அடுப்பில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, திருகிக்கு அடியிலுள்ள சின்ன சுவிட்சுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, திருகியை உருவி, முடி உலர்த்தும் மெஷினைக் குறைந்த சூட்டில் காட்டினால் சரியாகும். பொறி ஒரு பக்கமாகப் பாய்ந்தால், பொறி வரும் பின்னைச் சுற்றியுள்ள பீங்கானில் கீறல் இருக்கிறது, அந்தப் பின்னையே மாற்றுங்கள். மேஜை அடுப்பில் 'டக்' என்று அடிக்கிற பீசோ வகைக்குப் பேட்டரி கிடையாது. புதிதாக வருகிறவர்கள் பேட்டரிப் பெட்டியைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கழுவுவதில் கவனம்

பர்னர் மூடி பித்தளையா, அலுமினியமா என்று முதலில் பாருங்கள். அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா கலந்த அடுப்பு கிளீனரில் ஊறப் போட்டால் கறுத்து அரித்துப்போகும். மறுநாள் மூடி பள்ளத்தில் உட்காராது. வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பித்தளைப் பிரஷ் போதும். துளைகளைக் கம்பியால் குத்துங்கள், பல்குத்தும் குச்சியால் வேண்டாம். முனை ஒடிந்து உள்ளே தங்கிவிடும். நோசலில் மட்டும் இரும்பு ஊசி போடாதீர்கள். அந்தத் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, கொஞ்சம் பெரிதானாலும் தீயின் கணக்கு மாறிவிடும். அடைப்பு இருந்தால் கழற்றி ஊறவைத்து ஊதுங்கள்.

இறுகிய திருகிக்குத் துரு நீக்கும் ஸ்ப்ரே அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்குச் சுலபமாகத் திரும்பும். ஆனால் வால்வுக்குள் கேஸைத் தடுத்து நிற்கும் கிரீஸையும் அது கரைத்துவிடும். வால்வு கிரீஸ் மட்டுமே போட வேண்டும். அப்போதும் சரியாகாவிட்டால் வால்வையே மாற்ற வேண்டும்.

கண்ணாடி ஹாப்பில் ஓரத்தில் சின்னச் சில்லு போயிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, இருந்தால் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பிரியாணி அண்டா மாதிரிப் பாத்திரத்தை வைத்தால் சூடு கண்ணாடிக்கே திரும்பும். சூடாக இருக்கும்போது ஈரத்துணி போட்டால் டெம்பர் கண்ணாடி சுக்குநூறாகலாம். பண்டிகைக்கு எல்லாரையும் அழைத்துத் திறந்த இல்ல உபசரிப்பு வைக்கிற வீடுகளில் பெரிய சமையலுக்குத் தனி அடுப்பு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

"கேஸ் சீக்கிரம் தீருது"

இந்தப் புகாருக்குக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லலாம். 4 கிலோவாட் பெரிய பர்னர் முழுத் தீயில் மணிக்குச் சுமார் 0.3 கிலோ கேஸ் எடுக்கும். 14 கிலோ தோம்பு அப்படியானால் 45 மணி நேரம் போல வரும். ஒரு நாளைக்கு முழுத் தீயில் ஒன்றரை மணி நேரம் எரிக்கிற வீட்டில் ஒரு மாதம் வந்தால் சரியான கணக்கு. அதே வீட்டில் இரண்டு வாரத்தில் தீர்ந்தால் கசிவு இருக்கிறதா என்று இன்னொரு தடவை, இந்த முறை நிதானமாகப் பாருங்கள். 14 கிலோ தோம்பின் கட்டுப்பாட்டு விலை 26 வெள்ளி (ரிங்கிட்) 60 காசுதான் என்பதால் பலர் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. விலையைவிடக் கசிவுதான் கவலை.

அந்த 'யு' குழாயை இங்கே எடுங்கள். ஒரு பர்னரைக் கழற்றி, நோசல்மேல் ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையை 'யு' குழாயில் மாட்டுங்கள். இன்னொரு பர்னர் எரியட்டும். இப்போது சோதிக்கும் பர்னரின் திருகியை அமுக்கித் திருப்பிப் பிடித்தால் தண்ணீர் இரு பக்கமும் விலகும். இரண்டு மட்டத்துக்கும் வித்தியாசம் 28 சென்டிமீட்டர் பக்கம் இருந்தால் வீட்டு ரெகுலேட்டர் சரியாக வேலை செய்கிறது. எரிகிற பர்னரை அணையுங்கள். தண்ணீர் கொஞ்சம் ஏறி நிற்க வேண்டும். நிற்காமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் ரெகுலேட்டர் உள்ளே அடைக்கவில்லை. பிரித்துப் பார்க்கிற சாமான் அது இல்லை, புதிது போடுங்கள்.

தொடக் கூடாத வேலை

கோலாலம்பூரில் சில குடியிருப்புகளில் குழாய் வழியே இயற்கை எரிவாயு வருகிறது. உறவினர் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள் என்று போய் அந்தக் குழாயில் கை வைக்காதீர்கள். 1993ஆம் ஆண்டு எரிவாயு விநியோகச் சட்டத்தின்படி அது எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற தகுதியாளர் செய்ய வேண்டிய வேலை. அடுப்பும் வேறு: குழாய் கேஸுக்கு நோசல் துளை பெரிது. அந்த அடுப்பைத் தோம்பில் மாட்டினால் தீ மஞ்சளாக எகிறும். தோம்பு அடுப்பைக் குழாயில் மாட்டினால் தீ குன்றிமணி அளவுக்குத்தான் வரும். வீடு மாறி வந்தவர்களின் "புது வீட்டுக்கு வந்ததிலேருந்து அடுப்பு சரியில்ல" என்ற புகாருக்குக் காரணம் பல சமயம் இதுதான்.

காசு, சீட்டு, பதிவு

வந்து பார்க்கும் கட்டணம், கூலி, பார்ட்ஸ் மூன்றையும் ஃபோனிலேயே தனித்தனியாகச் சொல்லுங்கள். "தெரிஞ்ச பையன்தானே" என்று குறைக்கச் சொல்வார்கள். கூலியில் குறையுங்கள், பார்ட்ஸ் தரத்தில் குறைக்காதீர்கள். கழற்றின பழைய பார்ட்ஸை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையம்) தொழிலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சொந்தப் பெயரில் என்றால் வருஷத்துக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயரில் என்றால் 60 வெள்ளி. கோண்டோ காவலாளி உள்ளே விடுவதற்கே சில இடங்களில் அந்தப் பதிவுச் சீட்டைக் கேட்பார்.

ட்யூபும் ரெகுலேட்டரும் மாற்றின தேதியை ஒரு ஸ்டிக்கரில் எழுதி, உங்கள் நம்பரோடு கேபினெட் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். தோம்பு மாற்ற வருகிறவர் கண்ணிலும் அது படும்.

தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் தெர்மோகப்பிளும் டி சைஸ் பேட்டரியும் கடைகளில் தீர்ந்துபோகும். முறுக்குச் சட்டியை ஏற்றிவிட்டுத்தான் பெரிய பர்னர் எரிந்து நிற்கவில்லை, அணைகிறது என்று கூப்பிடுவார்கள். அந்த வாரங்களுக்கான சரக்கை ஒரு மாதம் முன்பே வாங்கி வையுங்கள்.